ஊசி மருந்தில் தண்ணீர் கலக்கிறோமா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வருகிற மாதத்திலிருந்து எங்கள் நிலையத்தில், தசையைத் தளர்த்தி முகக்கோடுகளைக் குறைக்கும் பொட்டொக்ஸ் ஊசி மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளில் மட்டுமே போடப்படும். அதை அறிவிக்கத்தான் இந்த மடலை எழுதத் தொடங்கினோம். அதற்குள் வட்சப் குழுக்களில் ஒரு குரல்பதிவு வவுனியாவிலிருந்து மல்லாவி வரைக்கும் போய்விட்டது: "அங்க மருந்துக்குள்ள தண்ணி கலக்கினம், கண்ணால கண்டனான்." ஆகவே முதலில் அதைப் பேசிவிடுவோம்.

கலக்கிறோம்தான். கலக்காமல் அந்த மருந்தை எவராலும் போட முடியாது. 100 யுனிட் (யுனிட் என்பது மருந்தின் வீரியத்தை அளக்கும் அலகு) போத்தலில் வருவது திரவம் அல்ல. அடியில் மெல்லிய வெள்ளைப் படலமாக ஒட்டியிருக்கும் உலர்மருந்து அது. தூக்கிப் பார்த்தால் வெறும் போத்தல் மாதிரித்தான் இருக்கும். அதற்குள் 0.9 வீத சேலைன் 2.5 மில்லிலீற்றர் விடுகிறோம். ஊசி மூடியைத் துளைத்ததும் உள்ளே இருக்கும் வெற்றிடம் சேலைனைத் தானாகவே இழுத்துக்கொள்ள வேண்டும். இழுக்காவிட்டால் அந்தப் போத்தலை நம்ப முடியாது, எறிய வேண்டியதுதான். இழுத்தால், கையில் வைத்து மெதுவாக உருட்டிக் கரைப்போம். குலுக்கி நுரைக்க விடுவதில்லை.

இப்படிக் கலந்தால் 0.1 மில்லிலீற்றரில் 4 யுனிட் இருக்கும். 2 மில்லிலீற்றர் விட்டுக் கலக்கிற இடத்தில் அதே 0.1 இல் 5 யுனிட். புருவங்களுக்கு நடுவே விழும் கோடுகளுக்கு வழக்கமான அளவு 20 யுனிட், ஐந்து இடங்களில் நாலு நாலாக. எங்கள் சிரிஞ்சில் அது அரை மில்லிலீற்றர், 2 மில்லிலீற்றர் விடுகிறவர்களுடையதில் 0.4. தசைக்குள் போகிற மருந்து ஒன்றுதான். சிரிஞ்சில் எவ்வளவு நீர் தெரிகிறது என்று பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. எத்தனை யுனிட் என்று கேளுங்கள், எந்தப் போத்தலிலிருந்து என்றும் கேளுங்கள். எங்களிடம் மட்டுமல்ல, எங்கே போனாலும் கேளுங்கள்.

"கொழும்பில 50 போட்டவை, இங்க 20 தான்" என்ற கதையும் அதே பதிவில் இருக்கிறது. 50 என்பது டிஸ்போர்ட் என்ற வேறு மருந்துக்கான அளவு. அதன் யுனிட்டும் பொட்டொக்ஸ் யுனிட்டும் ஒன்றல்ல. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கூட்டிக் கழிக்கக் கூடாது.

ஊசி போட்டு மூன்றாம் நாள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு "ஒன்றும் நடக்கவில்லை" என்று எழுதுவோருக்கும் ஒரு வார்த்தை. முழுப் பலன் தெரிய 14 நாள் வரை எடுக்கும். மூன்று நாலு மாதம் நிற்கும். முகம் சுளிக்கும்போது விழும் கோடு இதற்கு அடங்கும். சும்மா இருக்கும்போதே ஆழமாகக் கிடக்கிற மடிப்பும், வருடக்கணக்காக வெயில் தின்ற தோலும் இதற்கு அடங்காது. அதை ஊசி போட முன்னரே சொல்லித்தான் அனுப்புகிறோம்.

இனி சனிக்கிழமை விடயம். கரைத்த மருந்தை 2 முதல் 8 பாகை குளிரில் வைத்து 24 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும் என்று மருந்தோடு வருகிற தாளில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை ஒருவருக்கு 20 யுனிட் போட்டால் மிச்சம் 80 யுனிட் கழிவு. அதை வாரக்கணக்கில் ஃபிரிட்ஜில் வைத்து அடுத்தவருக்குப் போடுகிற பழக்கம் எங்களிடம் இல்லை. நாலைந்து பேரை ஒரே நாளில் சேர்த்தால்தான் போத்தல் வீணாகாது. முன்பு மருந்து கரைத்துத் தந்த தாதி வெளிநாடு போய்விட்டார்; இனி டொக்டரே கரைத்து அவரே போடுவார்.

தாலிகட்டுக்கு நாலு நாள் இருக்கும்போது ஓடிவர வேண்டாம். பொட்டொக்ஸ் என்றால் இரண்டு கிழமையாவது முன்னால், தோலுக்கடியில் நிரப்பும் ஃபில்லர் ஊசி என்றால் ஒரு மாதம். ஃபில்லர் போட்ட இடத்தில் வீக்கமும் கண்டலும் வரலாம், அது வடியும். ஆனால் தோல் வெளிறினாலோ, வலை போல ஊதா நிறம் படர்ந்தாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ, பார்வை மங்கினாலோ அது வேறு விடயம்: மருந்து இரத்தக்குழாயை அடைத்திருக்கலாம். விடியட்டும் என்று இருக்காமல் அந்த நேரமே அழையுங்கள். பார்வையில் மாற்றம் என்றால் எங்களை அழைத்துக்கொண்டே நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். ஹையலுரோனிக் அமில ஃபில்லரைக் கரைக்கும் ஹையலுரோனிடேஸ் எங்களிடம் எப்போதும் இருக்கும். அது கையிருப்பில் இல்லாத நாளில் ஃபில்லர் போடுவதில்லை.

பொட்டொக்ஸ் போட்ட பின் நாலு மணித்தியாலம் படுக்க வேண்டாம், நெற்றியைத் தேய்க்க வேண்டாம். மருந்து கண்ணிமைத் தசைக்குப் பரவினால் இமை சரியும். சில கிழமைகளில் நிமிர்ந்துவிடும், ஆனால் அதுவரை வகுப்பில் நின்று படிப்பிக்கிறவருக்குப் பெரிய சங்கடம். இறுக்கமான ஹெல்மெட்டும் நெற்றியை அழுத்தும். அன்றைக்கு மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸிலோ ஓட்டோவிலோ வாருங்கள். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் தசைச்சோர்வு நோய் உள்ளவர்களுக்கும் போடுவதில்லை. வெள்ளையாக்கும் ஊசி கேட்டும் வராதீர்கள், அது யாருக்கும் இல்லை.

மாங்குளத்தில் பஸ் மாறி வருகிற முல்லைத்தீவு உறவுகளுக்கும், ஆடி ஆவணி விடுமுறையில் ஊருக்கு வந்தால் எங்களையும் எட்டிப் பார்க்கிற வெளிநாட்டு உறவுகளுக்கும், 2022 இல் டொலர் ஏறி மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது வேறு இடம் தேடாமல் பொறுத்திருந்தவர்களுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. அந்தக் குரல்பதிவு வந்த அன்றே, "இவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள்" என்று குழுவில் பதில் எழுதியவர்களை நாங்கள் அறிவோம்.

யுனிட் விலை மாறியிருக்கிறது, பட்டியல் வரவேற்பு மேசையில் உள்ளது. பதிவு செய்யும்போது கட்டும் முற்பணம் இனித் திருப்பித் தரப்படாது.

அடுத்த சனிக்கிழமைக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் புதன்கிழமைக்கு முன் அழையுங்கள். குடிக்கிற மருந்துகளின் பெயர்களையும் அப்போதே சொல்லுங்கள், முக்கியமாக அஸ்பிரின். டொக்டரைக் கேட்காமல் அதை நீங்களாக நிறுத்த வேண்டாம். போத்தல் உங்கள் கண்முன்னே திறக்கப்படும். விரும்பினால் லேபலைப் படம் எடுத்துக் கொள்ளலாம்.

நிர்வாகத்தினர்
வவுனியா