காருக்கு உள்ள இடம் லாரிக்கு ஏன் இல்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில் பழைய கார்களின் அணிவகுப்பு பற்றி அரைப் பக்கம் படங்களோடு வந்திருந்தது. நன்றாகப் பராமரித்த வண்டிகள். வைத்திருப்பவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த வரிசையில் ஒரு லாரி கூட இல்லை. யாரும் கொண்டுவரவில்லை என்று நினைக்க வேண்டாம், காரைப் போலப் பழம்பெரும் வண்டியாகப் பதிந்து கொண்டுவரச் சட்டத்தில் வழியே இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் சங்ககிரிக்காரன். பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்து, மெக்கானிக் ஆகி, பிறகு பழைய லாரிச் சாமான் கடை வைத்தேன். இப்போது கடை மகன் கையில். யாராவது எந்த வண்டியுடையது என்று தெரியாத சாமானைத் தூக்கிக்கொண்டு வந்தால் மட்டும் என்னைக் கூப்பிடுவான்.

2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் செய்தது. முதல் பதிவு நடந்து 50 ஆண்டு தாண்டிய வண்டியைப் பழம்பெரும் வாகனமாகத் தனியே பதியலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய்; பத்து ஆண்டுக்குச் செல்லும்; புதுப்பிக்க 5,000. நம்பர் பலகையில் மாநிலத்தின் எழுத்தை அடுத்து வி.ஏ. என்று வரும். தினசரி ஓட்டக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் எடுக்கலாம், எண்ணெய் போட, ரிப்பேர் பார்க்க எடுக்கலாம். நல்ல விதிதான். ஆனால் எந்தெந்த வண்டிக்கு என்று சொல்லுமிடத்தில் எல்1, எல்2, எம்1 என்று மூன்று வகையை எழுதி நிறுத்திவிட்டார்கள். முதல் இரண்டும் இருசக்கர வண்டி. எம்1 என்பது டிரைவர் போக எட்டுப் பேர் வரை ஏறும் கார், ஜீப். மூன்றரை டன்னுக்கு மேல் 12 டன் வரை உள்ள சரக்கு வண்டி என்2, அதற்கும் மேலே போனால் என்3. இந்த இரண்டும் அந்த விதியில் கிடையாது. பஸ்ஸும் தீயணைப்பு வண்டியும் கூட வெளியேதான் நிற்கின்றன.

ஆக, எண்ணூரிலிருந்து 1950-களில் வந்த லேலண்டு காமெட் ஒன்று இன்று யாரிடமாவது முழுசாக இருந்தால், ஓடிச் சம்பாதிக்கிற லாரியைப் போல எஃப்.சி. காட்டி, வரி கட்டி வைத்திருக்க வேண்டும். முடியாவிட்டால் காயலான் கடை.

திருச்செங்கோடு பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். அவருடைய தாத்தா ஓட்டிய ஃபார்கோ லாரி தென்னந்தோப்பில் நின்று துருப்பிடித்துக் கிடக்கிறது, அதை எழுப்பி ஓட்ட வேண்டும் என்பது ஆசை. வண்டியோடு கிடந்த உதிரிகளை ஒரு சாக்கில் கட்டிக் கொண்டுவந்து கொட்டினார். “ஐயா, இதுல எதெல்லாம் எங்க வண்டிச் சாமானுங்க, எது வேற வண்டியுதுங்க?” என்று கேட்டார். “மண்ணெண்ணெயில் போடு தம்பி, அப்புறம் பார்ப்போம்” என்றேன்.

பழைய சாமானை இனம் காண்பது எப்படி என்று இந்தத் தலைமுறைக்குச் சொல்ல ஆள் குறைந்துவிட்டதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்; இடம் போதாவிட்டால் சுருக்கிக்கொள்ளுங்கள்.

முதல் வேலை மரையை, அதாவது போல்ட்டின் திருகு வரியை, எண்ணுவது. அந்தக் கால இங்கிலாந்து வண்டியில் விட்வொர்த், பி.எஸ்.எஃப். என்ற வகை மரை இருக்கும். அமெரிக்க வழி வந்த வண்டியில் யு.என்.சி., யு.என்.எஃப். ஜெர்மன் வழி என்றால் மில்லிமீட்டர் கணக்கு. அரை இஞ்ச் போல்ட்டை எடுத்து, ஓர் இஞ்ச் நீளத்தில் எத்தனை மரை என்று பாருங்கள். 12 என்றால் விட்வொர்த், 13 என்றால் யு.என்.சி., 16 என்றால் பி.எஸ்.எஃப்., 20 என்றால் யு.என்.எஃப். இதில் குழப்பமே வராது. மூன்று நூல் (முக்கால் அரை இஞ்ச், அதாவது 3/8 இஞ்ச்) போல்ட்டில்தான் வில்லங்கம். விட்வொர்த்துக்கும் யு.என்.சி.க்கும் அதில் ஒரே 16 மரை. மரையின் கோணம் மட்டும் முன்னதில் 55 டிகிரி, பின்னதில் 60. கையால் திருகினால் நட்டு சமர்த்தாக ஏறிவிடும். ஸ்பேனர் போட்டு இறுக்கும்போதுதான் மரை உரிந்துகொண்டு வரும். மரையில் வைத்து ஒத்துப் பார்க்கும் பிட்ச் கேஜ் வாங்கப் பெரிய செலவில்லை. இரண்டு கோணத்துக்கும் தனித்தனியாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

பேரிங் கிடைத்தால் பாதி விடை கிடைத்த மாதிரி. வளையத்தின் விளிம்பை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் எண் தெரியும். 6308 என்று இருந்தால் கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்குங்கள். உள்விட்டம் 40 மில்லி. அதே அளவு இன்றும் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆர்.எல்.எஸ். 8 என்று இருந்தால் அது இஞ்ச் பேரிங், உள்ளே ஒரு இஞ்ச், வெளியே இரண்டேகால் இஞ்ச், இங்கிலாந்துக்காரர் போட்ட வரிசை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மில்லி பேரிங்கை இடைவெளிக்குப் புஷ் என்ற வளையம் அடித்து ஏற்றும் பட்டறைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். தேடினால் சரியான அளவே கிடைக்கிறபோது எதற்கு அந்த வேலை?

வார்ப்பில் எழும்பி நிற்கும் எண்ணைப் படம் பிடித்து அனுப்பி, “இந்த நம்பர் சாமான் இருக்கா?” என்று கேட்கிறார்கள். அது அச்சுக்கு உரிய எண். ஒரே வார்ப்பை வேறு வேறு விதமாகக் கடைந்து இரண்டு மூன்று சாமானாக ஆக்குவார்கள். வார்ப்பு எண் ஒத்திருந்தும் உங்கள் வண்டியில் உட்காராமல் போகலாம். கடைந்த முகத்தில் குத்தியிருக்கும் எண் இருந்தால் அதைப் பாருங்கள். மங்கலாக இருந்தால் சாக்பீஸைத் தேய்த்துத் துடைத்தால் பள்ளத்தில் வெள்ளை நிற்கும். எண்ணே இல்லையென்றால் வெர்னியரும் பார்ட்ஸ் புக்கும்தான் கதி. பின் அச்சைச் சுழற்றும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனுக்கு எண்கூட வேண்டாம், பல்லை எண்ணினால் போதும்: கிரவுனில் 41, பினியனில் 6 என்றால் விகிதம் 6.83. ஆனால் இரண்டும் ஜோடியாகத் தேய்த்துச் சேர்த்தவை, ஒரே ஜோடி எண் இரண்டிலும் கீறியிருக்கும். ஒன்றை மட்டும் மாற்றினால் ஊளையிட்டே ஊரைக் கூட்டும்.

எஞ்சின் பெயரே சில வண்டிகளில் அளவைச் சொல்லிவிடும். டாடாவின் 692 என்றால் ஆறு சிலிண்டர், 92 மில்லி போர் (சிலிண்டரின் உள்விட்டம்). 697 என்றால் 97 மில்லி. இங்கிலாந்து எஞ்சின் கம்பெனியான பெர்கின்ஸின் 6.354 என்றால் ஆறு சிலிண்டர், 354 கன இஞ்ச். 1954-லிருந்து டாடாவின் லாரிக் கம்பெனியான டெல்கோவும் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸும் 15 ஆண்டு ஒப்பந்தத்தில் இருந்ததால், அந்தக் கால டாடா லாரியின் முகத்தில் மூன்று முனை நட்சத்திரம் இருக்கும். எங்கள் பக்கம் பெரியவர்கள் அதைப் “பென்ஸ் லாரி” என்றே சொல்வார்கள். 1969-ல் ஒப்பந்தம் முடிந்தது, நட்சத்திரமும் போனது. நட்சத்திரம் போட்டு வந்த வண்டி எல்லாமே இன்று 50 வயதைத் தாண்டிவிட்டது என்று இதிலிருந்தே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

தம்பியின் சாக்குக்கு வருகிறேன். பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி அமெரிக்கக் கிரைஸ்லரின் உரிமத்தில் செய்த லாரிகள் டாட்ஜ், ஃபார்கோ, டிசோட்டோ என்று மூன்று பெயரில் விற்றன. பேட்ஜைக் கழற்றிவிட்டால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால் “இது டாட்ஜ் சாமான், எங்களுது ஃபார்கோ” என்று அவர் ஒதுக்கி வைத்திருந்ததில் பெரும்பாலானவை அவருடைய வண்டிக்கே பொருந்துபவை. பிரேக் டிரம், ஹப், ஸ்பிரிங் பின் எல்லாம் அப்படித்தான். எஞ்சின்தான் வேறு கதை. அந்த லாரியோடு பிறந்தது வால்வு பக்கவாட்டில் நிற்கும் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். இப்போது உள்ளே உட்கார்ந்திருப்பது பெர்கின்ஸ் பி6 டீசல், 4.7 லிட்டர். முன் மூடியைக் கழற்றினால் டைமிங்குக்குப் பல்சக்கர வரிசைக்குப் பதில் சங்கிலி. எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் கனமான ஒரு இணைப்புத் தட்டு.

இங்கேதான் விதியின் இரண்டாவது சிக்கல் வருகிறது. பழம்பெரும் வாகனம் என்றால் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்கிறது விதி. காருக்கு இது நியாயம். லாரிக்கு இந்த அளவுகோலை அப்படியே வைத்தால் தமிழ்நாட்டில் ஒரு வண்டி கூடத் தேறாது. பெட்ரோல் லாரி வைத்திருந்தவர் எவரும் அதைப் பெட்ரோலிலேயே கடைசி வரை ஓட்டவில்லை, கட்டுப்படியாகாது. 1950-களில் சென்னையில் சிம்சன் கம்பெனி பெர்கின்ஸ் எஞ்சின்களை இங்கேயே செய்யத் தொடங்கிய பிறகு, ஃபார்கோ, டாட்ஜ், செவர்லே, பெட்ஃபோர்டு என்று எது கையில் இருந்ததோ அதில் பி6-ஐ இறக்கினார்கள். ஆர்.சி. புக்கில் முறைப்படி எழுதி, முத்திரை வாங்கித்தான் செய்தார்கள். அந்த எஞ்சின் மாற்றம் நடந்திருக்காவிட்டால் எங்கள் ஊரில் பலர் ஒரு லாரியோடு நின்றிருப்பார்கள், இரண்டாவது வந்திருக்காது. தம்பியிடம் “பெட்ரோல் எஞ்சினைத் தேடாதே, பி6-ஐயே எடுத்து ஓட்டு, அந்த இணைப்புத் தட்டைப் பத்திரமாக வை” என்றுதான் சொன்னேன்.

பாடிக்கும் அதே கதைதான். அந்நாளில் தொழிற்சாலையிலிருந்து வந்தது சேஸிஸும் முன்முகமும் மட்டும். டிரைவர் சாக்குப் போர்த்திய பெட்டி மேல் உட்கார்ந்து காற்றிலும் மழையிலும் ஓட்டிக்கொண்டு வருவார். கேபினும் பாடியும் நாமக்கல்லிலோ வேறு ஊரிலோ ஆசாரிகள் மரத்தில் கட்டியவை. எந்த மரம், கதவு எப்படித் திறக்கும், நெற்றியில் எந்தச் சாமி என்பதெல்லாம் முதலாளி சொன்னபடி. இதில் கம்பெனி அசல் என்று எதைக் காட்டச் சொல்கிறார்கள்? அழுகிய சட்டத்தை எடுத்துவிட்டு அதே அளவில் அதே இணைப்போடு புது மரம் போட்டால், அதை மாற்றம் என்று எழுதக் கூடாது.

தம்பி போய்க் கேட்ட அலுவலகத்தில் அவருக்கு எந்தப் படிவமும் கிடைக்கவில்லை. “உடைச்சுட்டு சர்டிபிகேட் வாங்கிக்கங்க” என்று அனுப்பிவிட்டார்கள். அந்த ஊழியரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் கணினியில் லாரிக்கு அந்தக் கட்டமே இல்லை.

உடைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. 2023 ஏப்ரல் முதல் 15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு தானாக ரத்தாகிறது. புகையும் விபத்தும் குறைய வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. பிரேக் பிடிக்காத கிழட்டு வண்டிகளை ரோட்டில் விடச் சொல்லும் ஆள் நான் இல்லை. ஆனால் 15-ல் எல்லாவற்றையும் நொறுக்கிவிட்டால் 50-ஐத் தொடப் போவது எது? வகைக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று என்றாவது எடுத்து வைக்கலாம். இங்கிலாந்தில் லேலண்டு என்ற அந்த ஊரிலேயே லாரிக்கும் பஸ்ஸுக்கும் தனி அருங்காட்சியகம் இருக்கிறது. லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஆண்டுதோறும் பழைய லாரிகளும் பஸ்களும் வரிசையாகப் போகின்றன. நம் கோவையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையார் கார்களுக்கு அருமையான அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். லாரிகளால் வளர்ந்த சேலம், நாமக்கல் மாவட்டங்களில் லாரிக்கு ஒரு கொட்டகை கூட இல்லை.

பழைய லாரியில் கை வைக்கும் இளைஞர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பூட்டு வளையம் போட்ட பழைய சக்கர டிஸ்க்கில் மாட்டிய டயருக்கு, இரும்புக் கூண்டுக்குள் வைக்காமல் காற்று அடிக்காதீர்கள். வளையம் தெறித்தால் தலை போகும். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கும், டிரம்மைக் கழற்றியதும் ஏர் அடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள். இடப்பக்கச் சக்கர நட்டு கழலவில்லை என்று குழாய் மாட்டித் தொங்குவதற்கு முன் ஸ்டட்டின் முனையில் எல் என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள், இடப்புரியாக, அதாவது வலப்பக்கம் திருகினால் கழலும் மரையாக, இருக்கலாம்.

போக்குவரத்துத் துறைக்கும் எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் நான் கேட்பது சிறியது. அந்த விதியில் என்2, என்3 லாரிகளையும் எம்3 என்ற பெரிய பஸ் வகையையும் சேருங்கள். ஓடிய காலத்தில் ஆர்.சி. புக்கில் ஏறிய எஞ்சின் மாற்றத்தை அசலாக ஏற்றுக்கொள்ளுங்கள். சரக்கு ஏற்றக் கூடாது என்று வேண்டுமானால் கண்டிப்பாக எழுதிக்கொள்ளுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை.

வாசகர்களிடம் ஒரு கோரிக்கை. வீட்டுப் பரணில் பழைய லாரியின் பார்ட்ஸ் புக், பட்டறைக் கையேடு, எஞ்சின் தகடு எது கிடந்தாலும் எடைக்குப் போடாமல் பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள், ஆசிரியர் எனக்கு அனுப்பி வைப்பார் என்று நம்புகிறேன். இப்போதைக்கு அவசரமாகத் தேவைப்படுவது பிரீமியர் கம்பெனியின் 1950-களின் லாரிப் பார்ட்ஸ் புக். இரவல் போதும், பிரதி எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஒரு பழைய லாரி மெக்கானிக்,
சங்ககிரி.