கோரிக்கை மனு: கடல் எல்லைக் கோட்டின் விவரம் தமிழில் வேண்டி

அனுப்புநர்:
விசைப்படகு ஓட்டுநர்கள், தங்கல் தொழிலாளர்கள்,
காசிமேடு, சென்னை.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை, சென்னை.

பொருள்: இந்திய - இலங்கை கடல் எல்லை விவரம், பேச்சுவார்த்தையில் வடசென்னை மீனவர் இடம் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எல்லை என்றாலே ராமேஸ்வரம், கச்சத்தீவு என்று பேசி முடித்துவிடுகிறார்கள். 1976 மார்ச்சில் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தின் கோடு வங்கக் கடலிலும் நீள்கிறது. கோடியக்கரைக்குத் தென்கிழக்கிலிருந்து வடகிழக்காக ஏறி 11 டிகிரி அட்சரேகையையும் தாண்டுகிறது. சூரை மீன் தேடி, கடலிலேயே பல நாள் தங்கிப் பிடிக்கும் தங்கலுக்குப் போகும் எங்களுக்கு அது யார் வீட்டுக் கதையோ இல்லை. வாடைக் காலத்தில் நீரோட்டம் தெற்கே இழுக்கும். ராத்திரி வலையை விட்டுவிட்டு ஆட்கள் கண்ணயரும்போதோ, இன்ஜின் மக்கர் பண்ணும்போதோ, படகு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஜிபிஎஸ் திரையில் நாங்கள் குறித்திருப்பது வலை சிக்கும் பாறையும் மீன் படும் இடமும்தான். எல்லைக் கோடு பல படகுகளில் இல்லை. இருப்பதும் ஒருவரைப் பார்த்து இன்னொருவர் ஏற்றிக்கொண்டது.

தேர்தல் வந்தால் 285 ஏக்கர் தீவுக்காக மேடையில் ரத்தம் கொதிக்கிறது. ஆனால் கோடு மண்ணுக்காக மட்டும் போட்டதில்லை. கடலில் வாழ்வதும் அடியில் கிடப்பதும் அந்தந்த நாட்டுக்கே என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. கன்னியாகுமரிக்குத் தெற்கே மீன் மிகுந்த கடல் திட்டான வெட்ஜ் பேங்க் நமக்கு வந்தது. இலங்கைப் பக்க மன்னார் கடலில் 2011இல் எரிவாயு கிடைத்தது. எல்லை தாண்டி மீன் பிடிக்கக் கூடாது என்பது அதே நாளில் இரு அரசும் மாற்றிக்கொண்ட கடிதத்தில் வந்தது. குப்பத்தில் யாரையும் கேட்டதாக எங்கள் பெரியவர்களுக்கு நினைவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் எதிரே நிற்பவரும் தமிழ் பேசும் மீனவர்தான். கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலையை 2017இல் இலங்கை தடை செய்ததற்கு, நம் பக்க இழுவைப் படகுகளால் அவர்கள் வலை அறுபட்ட கோபமும் ஒரு காரணம்; அதில் நியாயமில்லை என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

ஆகவே, கோட்டின் புள்ளிகளைத் துறையே சரிபார்த்துத் தமிழில் தர வேண்டுகிறோம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் படகுகள் கட்டித்தான் கிடக்கும். அப்போது துறைமுகத்திலேயே ஆள் வைத்து ஜிபிஎஸ்ஸில் ஏற்றி, எல்லைக்குச் சில மைல் முன்பே ஒலிக்கும்படி அலாரமும் வைத்துத் தர வேண்டும். அப்புறம், 2016இல் இரு நாடும் அமைத்த மீன்வளக் கூட்டுப் பணிக்குழு கூடும்போது வடசென்னைத் தங்கல் மீனவர் ஒருவரையும் ஆலோசனைக்கு அழைக்க ஒன்றிய அரசுக்குப் பரிந்துரைக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

ஜூன் 14க்குள் ஏற்பாடு ஆனால், தடை முடிந்து போகும் முதல் தங்கலுக்கே உதவும்.

இப்படிக்கு,
காசிமேடு விசைப்படகுத் தொழிலாளர்கள்