டச்சுக்குடாவில இருந்து கோணேசர் வரைக்கும் நடக்கிற பாதைக்கு உங்கட கை குடுங்கோ

திருகோணமலை ஆக்களுக்கும் திருமலையை விட்டு வெளியில போய் இருக்கிற எங்கட சனத்துக்கும் வணக்கம். காசு கேக்கத்தான் எழுதுறம், அதை முதலே சொல்லிப்போடுறம்.

டச்சுக்குடா கடற்கரையால நடந்து, கோட்டை வாசலுக்குள்ளால ஏறி, கோணேசர் கோயிலடி வரைக்கும் போறது உங்கள் எல்லாருக்கும் தெரிஞ்ச நடைதான். ஏத்தம் எண்டு பாத்தா கோட்டைக்குள்ள மட்டும்தான், அதுவும் தார் றோட்டு, மெல்ல மெல்ல நடந்தா அம்மம்மாமாரும் ஏறுவினம். ஒரு பக்கம் டச்சுக்குடா, மற்றப்பக்கம் வள்ளங்கள் நிக்கிற பின்குடா, மேல போயிட்டா கண்ணுக்கெட்டின மட்டும் கடல்தான், பங்குனிக்கும் ஆவணிக்கும் இடையில அதிஷ்டம் இருந்தா கோயிலடிப் பாறைப் பிளவு, இராவணன் வெட்டுப் பக்கம் நிண்டுகொண்டே திமிங்கிலம் தண்ணி விசிறுறதைப் பாக்கலாம், போட்டுக்குக் காசு குடுக்கத் தேவையில்லை.

பாதை புதுசா ஒண்டும் போடப் போறேல்ல. கல்லுப் பதிக்கிறதும் கலர் லைட் பூட்டுறதும் எங்கட எண்ணத்திலயே இல்லை (ஒரு கூட்டத்தில அப்பிடி ஒரு கதை வந்தது, நல்லகாலம் அங்கயே முடிஞ்சுது). வேண்டியது மூண்டே மூண்டு: இருக்க வாங்கு, நிக்க நிழல், வாசிக்கப் பலகை. காலமை எட்டரை ஒன்பதுக்குப் பிறகு அந்த வெயிலுக்க ஒரு வயசான ஆள் நிண்டு மூச்சு விட இடம் இல்லை, மதிலைப் பிடிச்சுக்கொண்டு நிக்கினம், அதைப் பாத்துத்தான் நாங்கள் கொஞ்சப்பேர் சேர்ந்து இந்தக் குழுவைத் தொடங்கினனாங்கள்.

மரம் எண்டா வேம்பும் பூவரசும்தான், உப்புக்காத்துக்கு நிண்டு பிடிக்கிறது அதுகள். ஆனா திருமலையில மரம் வைக்கிறது மற்ற ஊர் மாதிரி இல்லை, மான் இருக்கு. கோட்டைக்குள்ளயும் கடற்கரையிலயும் திரியிற புள்ளிமானுகள் குருத்து வர முதலே கடிச்சுப்போடும், அதுகளைக் குறை சொல்லவும் ஏலாது, புல்லு இல்லாத இடத்தில எதைத்தான் தின்னுறது, சோத்துப் பார்சல் சுத்தின லஞ்ச் சீற்றைக்கூடத் தின்னுதுகள். அதால ஒவ்வொரு கண்டுக்கும் ஆளுயரத்துக்குக் கம்பிக்கூடு வேணும், கண்டை விட கூட்டுக்குத்தான் செலவு கூட. கூடு, பசளை, முதல் கோடைக்குத் தண்ணி ஊத்துற கூலி எல்லாம் சேர்த்து ஒரு மரத்துக்கு 5,000 ரூபா போட்டிருக்கிறம். 30 மரம்.

வாங்கு 8. ஒண்டு 45,000. விலை கூட எண்டு நினைப்பியள், ஆனா இரும்பில செய்தா கடக்காத்துக்கு ரெண்டு மாரி தாங்காது, அதால சிமெந்துக் கால் வைச்சு மேல நல்ல மரப்பலகை.

பலகை 4, ஒண்டு 60,000. எங்களுக்குள்ள கூடக் கதை நடந்தது இதைப்பற்றித்தான். வாறவை கோட்டை வாசல்ல நிண்டு படம் எடுத்துப்போட்டுப் போயினம், அந்த வாசல் கல்லில இரட்டை மீனும் கோயில் திருப்பணி செய்ததாச் சொல்லுற அரசன் குளக்கோட்டன்ர பேர் வாற தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது கனபேருக்குத் தெரியாது. 1620களில போர்த்துக்கேயர் கோயிலை இடிச்சு அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினது, 1639ல ஒல்லாந்தர் பிடிச்சது, 1782ல ஒரே வருசத்துக்குள்ள இங்கிலிஸ்காரன் பிடிக்க பிரெஞ்சுக்காரன் வந்து பறிச்சது, 1795ல திரும்பவும் இங்கிலிஸ்காரன் வந்து 1803ல கோட்டைக்கு ஃபிரெட்ரிக் எண்டு பேர் வைச்சது, இவ்வளவும் ஒரு வாசலடியில நிண்டே சொல்லலாம். உள்ள வெலிங்டன் வீடு, பிறகு வெலிங்டன் பிரபுவாகி வாட்டர்லூவில நெப்போலியனைத் தோக்கடிச்ச ஆர்தர் வெல்லெஸ்லி தங்கின இடம். கோயிலடிப் பலகையில 1950ல கிணறு வெட்டேக்க வெளிவந்த விக்கிரகங்கள், 1956ல எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரின்ர கூட்டாளி மைக் வில்சனும் கடலுக்கடியில கண்ட கோயில் கல்லுகள், 1963 கும்பாபிஷேகம். டச்சுக்குடாப் பலகையில 1942 ஏப்ரல் 9 ஜப்பான் குண்டு போட்டதும் 2004 சுனாமியும். மூண்டு மொழியிலயும் வரும், தமிழைக் கடைசியா அவசரத்தில எழுதி எழுத்துப்பிழையோட தொங்க விடுற பழக்கத்துக்கு நாங்கள் வரமாட்டம், அதால சரவை பாக்க ஆக்கள் வேணும், ரீச்சர்மார் ஆரும் இருந்தா சொல்லுங்கோ.

மொத்தம் ஏழரை லட்சம், கூட்டிப் பாத்தியள் எண்டா சரியா வரும். கோட்டைக்குள்ள ஒரு ஆணி அடிக்கிறதெண்டாலும் தொல்பொருள் திணைக்களத்தின்ர அனுமதி வேணும், ஆமியும் உள்ள இருக்கு, அதால வாங்கும் மரமும் முதல்ல கடற்கரைத் துண்டுக்கு மட்டும்தான், அதுக்கும் சபையின்ர கடிதம் கையில வந்த பிறகுதான் காசில கை வைப்பம். குடுக்கிற ஆக்களின்ர பேரை வாங்கில பொறிக்கமாட்டம், கோவிக்காதையுங்கோ, கோயில் ரியூப்லைட் மாதிரி வெளிச்சத்தை விடப் பேர் பெரிசாப் போயிடும். பற்றுச்சீட்டு கட்டாயம் தருவம், மாதக்கணக்கை எல்லாருக்கும் அனுப்புவம்.

அவசரம் ஏனெண்டா மழை. ஐப்பசி மழையோட கண்டு வைச்சாத்தான் தை வரைக்கும் வேர் பிடிக்கும், அதைத் தவறவிட்டா பிறகு கச்சான் காத்து எல்லாத்தையும் காய வைச்சுப்போடும், ஒரு வருசம் போச்சு. அதால மரத்துக்கான காசு புரட்டாசி முடியிறதுக்குள்ள வேணும், வாங்குக்கும் பலகைக்கும் தை வரைக்கும் பொறுப்பம். முழுசா ஒரு மரம் எடுக்க ஏலாட்டி ரெண்டு மூண்டு குடும்பம் சேர்ந்து எடுங்கோ, 500 ரூபா தந்தாலும் அதே பற்றுச்சீட்டுத்தான். வெளிநாட்டில இருக்கிறவை தனித்தனியா அனுப்பி பாங்குக்குக் கட்டணம் கட்டாம ஒரு ஊர்ல உள்ள ஆக்கள் சேர்த்து ஒண்டா அனுப்பினா நல்லம். காசு இல்லாட்டி வெல்டிங், மேசன் வேலை தெரிஞ்ச பெடியள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாங்கோ, மண்வெட்டியும் தொப்பியும் நீங்கள் கொண்டு வாங்கோ, தேத்தண்ணியும் வடையும் எங்கட பொறுப்பு.