செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தண்டையார்பேட்டை, காசிமேடு, கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை வட்டாரத்து ரத்த தான நண்பர்களான நம் சங்கம் இந்த ஆண்டு நான்கு முகாம்கள் நடத்தியது. டிசம்பர் முகாம் மழையால் தள்ளிப்போய் ஜனவரியில் நடந்தது. நடுராத்திரியில் போன் வந்தாலும் முகம் சுளிக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிய தம்பிகளுக்கும், முகாம் அன்று பிஸ்கட்டும் ஜூஸும் பார்த்துக்கொண்ட மகளிர் அணிக்கும் நன்றி. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். மற்ற நிகழ்ச்சிகள் எல்லாம் நீங்களே கூட இருந்து பார்த்தவைதான். அதனால் என் நேரத்தை ஒரே ஒரு விஷயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்.

மார்ச் மாதம் நம்மிடம் ஒருவர் சேர்ந்தார். காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் வேலை. அவர் மகளின் ஆபரேஷனுக்கு நம் ஆட்கள் ரத்தம் கொடுத்தார்கள், அந்தக் கடனைத் தீர்க்க வேண்டும் என்று தானாகத் தேடி வந்தவர். ஏப்ரல் முகாமில் முதல் தடவையாகக் கொடுத்தார். பத்து நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து போன்: "உங்க ரத்தத்துல ஒரு பிரச்சினை இருக்கு, வந்து பாருங்க." போனார். கையில் ஒரு தாளைக் கொடுத்து, பெரிய டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். தாளில் ஹெபடைட்டிஸ் சி, ரியாக்டிவ் என்று இருந்தது, அதாவது பரிசோதனையில் தொற்றின் அடையாளம் தெரிந்திருக்கிறது. அது என்ன என்று யாரும் சொல்லவில்லை. அவர் எய்ட்ஸ் என்றே நினைத்துக்கொண்டார். வீட்டில் தன் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தார். பேரனைத் தூக்குவதை நிறுத்தினார். இரண்டு மாதம் கழித்து, மீன் வாங்கப் போன இடத்தில் நான் அவரைப் பார்த்தபோதுதான் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் காட்டினார். நாலாக மடித்து மடித்து மடிப்பு கிழிந்திருந்தது. நம் முகாமில் ரத்தம் கொடுத்தவர் இரண்டு மாதம் அப்படித் தவித்திருக்கிறார், நமக்குத் தெரியவில்லை. இதில் நம் பிழையும் உண்டு.

அதன் பிறகுதான் கல்லீரலைத் தாக்கும் இந்த ஹெபடைட்டிஸ் சி வைரஸைப் பற்றிப் படிக்கத் தொடங்கினோம். 2024 ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை, உலக ஹெபடைட்டிஸ் தினத்தன்று, மருத்துவர் ஒருவரை அழைத்துக் கூட்டம் நடத்தினோம். அது ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்த பரூக் ப்ளம்பெர்கின் பிறந்தநாள்.

சி வைரஸின் கதை ரத்த தானத்தின் கதைதான் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. 1970-களில் அமெரிக்காவில் ஹார்வி ஆல்டர் என்ற மருத்துவர், ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு வரும் கல்லீரல் அழற்சியைக் கவனித்து வந்தார். காசுக்கு ரத்தம் விற்பவர்களை விட்டுவிட்டுத் தன்னார்வலர்களிடம் வாங்கத் தொடங்கியதும் நோய் பெருமளவு குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. மிச்சமிருந்ததில் பெரும்பாலானவை அப்போது தெரிந்திருந்த ஹெபடைட்டிஸ் ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை. 1989-இல் மைக்கேல் ஹாட்டனும் உடன் உழைத்தவர்களும் அந்த வைரஸை அடையாளம் கண்டார்கள். அடுத்த ஆண்டே ரத்தத்தில் பரிசோதனை வந்துவிட்டது. இந்த வைரஸ் ஒன்றே நோயை உண்டாக்கப் போதும் என்று சார்ல்ஸ் ரைஸ் நிறுவினார். மூவருக்கும் 2020-இல் நோபல் பரிசு.

நம் நாட்டில் ரத்தம் விற்பதை உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி முதல் தடை செய்தார்கள். தானமாக வரும் ரத்தத்தில் சி பரிசோதனை கட்டாயமானது 2000-களின் தொடக்கத்தில். நம் நண்பருக்கு 1990-களில் லாரி விபத்தில் அடிபட்டு ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். அநேகமாக அப்போது வந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னார். கால் நூற்றாண்டுக்கு மேல் ஒரு வலியும் இல்லாமல், ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டு இருந்திருக்கிறார். இந்த வைரஸின் குணமே அதுதான். நூறு பேருக்குத் தொற்றினால் 15 முதல் 45 பேர் ஆறு மாதத்துக்குள் மருந்தில்லாமலே தப்பிவிடுவார்கள். மற்றவர்களுக்கு அது தங்கிவிடும். தங்கியவர்களில் 15 முதல் 30 சதவீதம் பேருக்கு இருபது ஆண்டுக்குள் கல்லீரல் சுருங்கிப்போகும் அபாயம். கால் வீங்கி, வயிற்றில் நீர் கோத்த பிறகுதான் பலர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். குடிக்காதவருக்கும் இது வரும். "குடிச்சுக் கெடுத்துக்கிட்டான்" என்று சொல்வதை நம் தெருக்களில் இனியாவது நிறுத்த வேண்டும்.

கூட்டத்தில் அதிகம் பேர் கேட்டது கீழாநெல்லியைப் பற்றி. நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ப்ளம்பெர்கோடு சேர்ந்து, 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் அதைப் பற்றி எழுதியது பலருக்கு நினைவிருந்தது. அது பி வைரஸ் பற்றிய ஆய்வு. மருந்து எடுத்த 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. சி வைரஸைக் கீழாநெல்லி குணமாக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. நம் ஊர்க்காரர்களின் உழைப்பில் எனக்குப் பெருமை உண்டு, ஆனாலும் சி இருப்பவர் மோரில் கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டு காலத்தைப் போக்கக் கூடாது.

ஏனென்றால் இதற்கு மாத்திரை இருக்கிறது. முன்பெல்லாம் ஆறு மாதம், ஒரு வருடம் என்று இன்டர்ஃபெரான் ஊசி. காய்ச்சல், மனச்சோர்வு, அப்படியும் ஏறக்குறைய பாதிப்பேருக்குத்தான் குணம். 2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரை அனுமதி பெற்றது. வலை பின்னும்போது ஒரு கண்ணியில் முடிச்சு விழாமல் போனால் அதற்கு மேல் பின்ன முடியாது அல்லவா, அதுபோல வைரஸ் தன்னை நகலெடுக்கும் இழையில் புகுந்து அங்கேயே நிறுத்திவிடும். அங்கே அப்போது ஒரு மாத்திரை ஆயிரம் டாலர். அடுத்த இரண்டு வருடத்துக்குள் நம் நாட்டு நிறுவனங்கள் உரிமம் பெற்றுத் தயாரிக்கத் தொடங்கியதும் விலை அடியோடு இறங்கியது. 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசிய ஹெபடைட்டிஸ் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். 12 வாரம் ஒழுங்காக எடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் குணமாகிறார்கள்.

சரி, நம் நண்பருக்கு வருகிறேன். அரசு மருத்துவமனைக்கு நானும் துணைத்தலைவரும் கூடப் போனோம். முதலில் வைரல் லோட், அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்ற பரிசோதனை, எடுத்தார்கள். ரத்த வங்கி பார்ப்பது ஆண்டிபாடியை, அதாவது வைரஸ் வந்ததும் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை, வைரஸ் வந்ததற்கான தடத்தை. வைரஸ் இப்போது இருக்கிறதா என்பதை வைரல் லோட்தான் சொல்லும். முதல் தாளோடு பயந்து நின்றுவிடுகிறவர்கள் இந்த இரண்டாவது பரிசோதனைக்கு வருவதே இல்லை. பி இருக்கிறதா என்றும் பார்த்தார்கள், ஏனென்றால் சி-க்கான மாத்திரை எடுக்கும்போது பி தலைதூக்கலாம். அப்புறம் 28 மாத்திரை கொண்ட டப்பாக்கள். காலண்டர் தாளைக் கிழிக்கும்போது மாத்திரை போடுவது என்று வைத்துக்கொண்டார். ஒரு நாள்கூடத் தவறவில்லை. மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து எடுத்த ரிப்போர்ட்டில் வைரஸ் இல்லை. அன்று சாயந்திரம் அவர் வீட்டில் ஒரே தட்டில் பேரனுக்குச் சோறு ஊட்டிவிட்டு அவரும் சாப்பிட்டார். தட்டு, டம்ளர், தொடுவது எதனாலும் இது பரவாது. பெரும்பாலும் ரத்தத்தால்தான் பரவும். சுத்தமில்லாத ஊசி, பச்சை குத்தும் ஊசி, ஒருவர் பிளேடை இன்னொருவர் போடுவது, இவற்றில் கவனம் வேண்டும். சென்னையில் ஊசியில் போதை மருந்து எடுப்பவர்களிடம் நடந்த ஆய்வில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இந்தத் தொற்று இருந்தது. அவர்களும் நம் தெருப் பிள்ளைகள்தான், அவர்களுக்கும் இதே மாத்திரைதான்.

இப்போது பொதுக்குழு முடிவு செய்ய வேண்டியது. குணமானாலும் ஆண்டிபாடி ரத்தத்தில் தங்கிவிடும், ஒரு தடவை சி வந்தவர் நம் நாட்டு விதிப்படி ஆயுளுக்கும் ரத்தம் கொடுக்க முடியாது. நம் சங்க விதியோ, வருடத்துக்கு ஒரு தடவையாவது கொடுத்தவர்தான் உறுப்பினர் என்கிறது. அந்த விதிப்படி அவர் பெயரை நான் நீக்கியிருக்க வேண்டும். நீக்கவில்லை. ஜனவரி முகாமில் காலை ஆறு மணிக்கு வந்து கட்டில்களை இறக்கிப் போட்டவர் அவர்.

எனவே செயற்குழு சார்பில் இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். மருத்துவக் காரணத்தால் ரத்தம் கொடுக்க இயலாதவர் முழு உறுப்பினராகவே தொடர்வார், வாக்குரிமையும் உண்டு. நம் முகாமில் கொடுத்து எந்தப் பரிசோதனையிலாவது ரியாக்டிவ் என்று தகவல் வந்தவர் விரும்பினால், அந்த வாரமே நம்மில் ஒருவர் அவரோடு மருத்துவமனைக்குப் போவார், ரகசியம் காக்கப்படும். இதற்கு இதுவரை ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். வியாசர்பாடி பக்கம் இருந்து இன்னும் இரண்டு பேர் வேண்டும், கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.

இந்த அறிக்கையையும் தீர்மானங்களையும் ஏற்று ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்