பூனைக்குக் கோழி மருந்து கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடலூர் முதுநகரிலும் புதுச்சேரி தேங்காய்த்திட்டிலும் மீன் இறங்கும் இடமெல்லாம் பூனைகள்தான். சண்டையில் கடிபட்டுச் சீழ் வைத்த பூனையைப் பார்த்து இரக்கப்படுபவர்கள், கடையில் கேட்டு என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுக்கிறார்கள். மருந்து நல்ல மருந்துதான். ஆனால் அளவு மிஞ்சினால் பூனைக்குக் கண்ணே போய்விடலாம்.

பூனைக்கு இதன் உச்ச அளவு, ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராம். நாய்க்கு 20 வரை போகலாம். அந்தக் கணக்கு இங்கே செல்லாது. விழித்திரைக்குள் நுழையும் இம்மருந்தை வெளியே தள்ள வேண்டிய ஏபிசிஜி2 என்ற புரதம், பூனை இனத்துக்கே சரியாக வேலை செய்வதில்லை. மருந்து உள்ளே தேங்குகிறது. வெளிச்சம் பட்டதும் ஒளியை உணரும் செல்களைச் சிதைக்கிறது.

4 கிலோ பூனைக்கு 20 மி.கி. போதும். நாய்க்கென்று விற்கும் 50 மி.கி. மாத்திரையைப் பாதியாக உடைத்தாலே 25 ஆகிவிடுகிறது. கோழிக்கான 10 சதவீதத் திரவம் இதைவிட மோசம்: 1 மி.லி.யில் 100 மி.கி. இருக்கிறது. 'ஒரு மில்லிதானே' என்று புகட்டினால் ஐந்து மடங்கு! போதாததற்கு அது காரத்தன்மை மிகுந்தது, வாயைப் புண்ணாக்கும்.

வயதான பூனைக்கும் சிறுநீரகம் கெட்ட பூனைக்கும் 5 மி.கி.கூட ஆபத்தாகலாம். நல்ல வெயிலிலும் கண்மணி அகலமாக விரிந்தே இருந்தாலோ, பழகிய வீட்டிலேயே சுவரில் முட்டினாலோ மருந்தை உடனே நிறுத்தி, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். சிலவற்றுக்குப் பார்வை ஓரளவு திரும்பும். பலவற்றுக்குத் திரும்புவதில்லை.

இத்தனைக்கும் கடிபுண் சீழுக்கு இது முதல் தேர்வே அல்ல. அங்கே காற்றில்லாமல் வளரும் கிருமிகளும் இருக்கும். அவற்றிடம் இந்த மருந்து அவ்வளவாக எடுபடாது. சீழை வடித்துச் சுத்தம் செய்து, அமாக்சிசிலின் கிளாவுலனேட் கொடுப்பதே வழக்கம்: கிலோவுக்கு 12.5 மி.கி., நாளைக்கு இருவேளை. இதே மருந்தில் மனிதர்களுக்கான 625 மி.கி. மாத்திரை, 4 கிலோ பூனைக்கு ஒரு வேளை அளவைப்போல் பன்னிரண்டு மடங்குக்கும் மேல் என்பதையும் மறக்க வேண்டாம்.

மற்ற ஆன்டிபயாட்டிக்குகளிலும் கவனம் தேவை. மெட்ரோனிடசோல் அளவு கூடினால் நரம்பைப் பாதித்துத் தள்ளாட்டமும் வலிப்பும் தரும். டாக்சிசைக்ளினில் சிக்கல் வேறு. மாத்திரையை உலர்வாக விழுங்கவைத்தால் உணவுக்குழாயில் ஒட்டி அரித்து, பிறகு குழாயே சுருங்கிவிடலாம். மாத்திரை போட்ட கையோடு 5 மி.லி. தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்து, வாயின் ஓரமாக மெதுவாகப் புகட்ட வேண்டும்.

எடை தெரியாமல் எந்த அளவும் சொல்ல முடியாது. பூனையைத் துணிப்பையில் போட்டு மீன்கடைத் தராசில் வைத்தாலே போதும். கண் மதிப்பில் 3 கிலோ 5 கிலோவாகிவிடுகிறது. குரும்பாபேட்டை கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்கோ கொண்டுபோவது இன்னும் நல்லது.

சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்பதை மருந்துக் கடைகள் நிறுத்த வேண்டும். மருத்துவர்களும் சீட்டில் 'அரை மாத்திரை' என்று மட்டும் எழுதாமல், பூனையின் எடை, மில்லிகிராம், எத்தனை நாள் ஆகிய மூன்றையும் எழுதித் தர வேண்டும்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர்கள் சிலர்,
புதுச்சேரி.