எந்தச் சட்டையில் வரட்டும்?

கார் ஓட்டக் கற்றுத்தரும் பயிற்சியாளர்களுக்கு,

வணக்கம். நான் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவன். உங்களிடம் கற்றுக்கொண்டு உரிமம் வாங்கும் ஒவ்வொருவரும் ஒருநாள் என் முதுகுக்குப் பின்னால் வரப்போகிறவர்கள். அதனால்தான் போலீசுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட், இறுக்கமான சைக்கிள் உடை என்று கிளம்புவேன். மற்ற நாட்களில் சாதாரணச் சட்டை, பேன்ட், முதுகில் பை. ஆளும் அதே ஆள், சாலையும் அதே சாலை. ஆனால் பந்தய வீரன் மாதிரி தெரிந்தால் 'இவன் சமாளித்துக்கொள்வான்' என்று உரசிக்கொண்டு போகிறார்கள். சட்டை பேன்ட்டில் போனால் 'ஓரமாகப் போ' என்று ஹாரன்.

இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழக உளவியலாளர் இயான் வாக்கர் இதை அளந்தே பார்த்தார். 2006இல் தூரம் அளக்கும் கருவியைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு தானே ஓட்டினார். 2,300க்கும் மேற்பட்ட வாகனங்கள் அவரை முந்தின. ஹெல்மெட் போட்டிருந்தபோது சராசரியாக 8.5 செ.மீ. கூடுதலாக நெருங்கி வந்தார்கள். நீளமான பொய்முடி வைத்துக்கொண்டபோது, பெண் என்று நினைத்தோ என்னவோ, 14 செ.மீ. கூடுதலாகத் தள்ளிப் போனார்கள். இதற்கிடையில் ஒரு பேருந்தும் ஒரு லாரியும் அவரை இடித்தே விட்டன. இரண்டு முறையும் தலையில் ஹெல்மெட் இருந்தது! அந்த 8.5 செ.மீ. உண்மையில் ஆபத்தைக் கூட்டுகிறதா என்று வேறு ஆய்வாளர்கள் பிறகு கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நான் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

அவர் குழுவின் அடுத்த ஆய்வு என் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கையே கலைத்துவிட்டது. ஏழு வகை உடை, 5,000க்கு மேல் முந்தல்கள். பந்தய வீரர் உடையோ, புதிதாக ஓட்டுபவரின் உடையோ, பளிச்சென்ற மேலங்கியோ, இடைவெளி பெரிதாக மாறவில்லை. போலீஸ் என்றும் வீடியோ எடுக்கப்படுகிறது என்றும் எழுதிய மேலங்கிக்கு மட்டும்தான் மரியாதை. அதுவும் சுமார் 5 செ.மீ. கூடுதல் இடைவெளிதான். எதைப் போட்டாலும் நூற்றுக்கு ஒருவர் இருவர் 50 செ.மீ.க்குள் உரசிப் போனார்கள்.

பளிச்சென்று உடுத்துவது வீண் என்று சொல்லவரவில்லை. பகலில் மஞ்சள் மேலங்கி தூரத்திலிருந்தே தெரியும். இருட்டில் அந்த மஞ்சளால் பெரிய பயனில்லை, ஒளியைத் திருப்பியடிக்கும் பட்டைதான் வேண்டும். அதையும் கணுக்காலிலும் முழங்காலிலும் கட்டினால், மிதிக்கும்போது மேலும் கீழும் ஆடுவதைப் பார்த்து 'மனிதன்' என்று உடனே புரியும். நானும் கட்டுகிறேன். ஆனால் இதெல்லாம் என்னைப் பார்க்காதவருக்கு. பார்த்துவிட்டு, ஹாரனும் அடித்துவிட்டு உரசுகிறவருக்கு நான் எதை உடுத்துவது?

அங்கேதான் நீங்கள் வருகிறீர்கள். பிரிட்டனின் சாலை விதிநூல் 2022 முதல், மணிக்கு 30 மைல் வரையிலான வேகத்தில் சைக்கிளை முந்தக் குறைந்தது 1.5 மீட்டர் விடச் சொல்கிறது. வேகம் கூடினால் இன்னும் அதிகம். வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தக் கற்றுத்தர எத்தனை மணி நேரம் செலவிடுகிறீர்கள்! அதில் கால்வாசி நேரம் இதற்கும் ஒதுக்குங்கள். இடமில்லையென்றால் பின்னாலேயே மெதுவாக வரவும் பழக்குங்கள். சைக்கிள்காரன் குழியைக் கண்டு சட்டென்று விலகுவான் என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.

பழகிப் பார்க்கச் சைக்கிளோடு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். எந்தச் சட்டையில் வரவேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாணவர்களுக்கு முன்னால் போகும் ஒரு சைக்கிள்காரன்