கரு வைத்த நாளிலிருந்து எண்ணு: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புத் தங்கைக்கு,

ஏப்ரல் 7-ஆம் தேதி எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாய். சி.ஆர்.எல்., அதாவது தலையிலிருந்து பிட்டம்வரை கருவின் நீளம், 8 மி.மீ.; அதன்படி வயது 6 வாரம் 5 நாள். எல்.எம்.பி., அதாவது கடைசி மாதவிலக்கின் முதல் நாள்படி 7 வாரம் 5 நாள். அதற்குக் கீழே, வளர்ச்சி ஒரு வாரம் குறைவு, இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கவும் என்று ஒரு வரி. இதயத் துடிப்பு இருக்கிறது என்று அதே தாளில் எழுதியிருந்தும் 'குறைவு' என்ற சொல்லைத் தாண்டி உன்னால் படிக்க முடியவில்லை என்றாய். முதலில் இதைக் கேட்டுக்கொள். உன்னுடையது ஐ.வி.எஃப்., அதாவது லேபில் உருவாக்கிய கருவைக் கர்ப்பப்பையில் வைத்த கர்ப்பம். கரு வைத்த தேதியோடு ஒட்டிப் பார்த்தால் இந்த 8 மி.மீ. அன்றைக்கு இருக்கவேண்டிய அளவேதான். ஒரு வார வித்தியாசம் வந்தது ஸ்கேன் அறையில் நீ சொன்ன தேதியால்.

பிப்ரவரி 12 என்று சொல்லியிருக்கிறாய். அன்றுதான் உனக்குத் தலைநாள், அதாவது மாதவிலக்கின் முதல் நாள், அதில் தவறில்லை. ஆனால் அந்தத் தேதியை வைத்துக் கணக்குப் போடும் முறை உனக்குப் பொருந்தாது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு 280 நாள் கூட்டிப் பிரசவத் தேதி காண்பது ஜெர்மானிய மருத்துவர் நேகலேயின் பெயரால் வழங்கும் பழைய விதி. நம் ஊர்ப் பேச்சில் வரும் 'பத்து மாதம்' என்பதும் 28 நாள் மாதமாக எண்ணினால் அதே 280 தான். மாதவிலக்கு 28 நாளுக்கு ஒருமுறை வருகிறது, பதினான்காம் நாள் வாக்கில் முட்டை வெளியாகிக் கருவாகிறது என்று அந்த விதி எடுத்துக்கொள்கிறது. குழந்தை உண்மையில் வளர்வது கருவானதிலிருந்து 266 நாள். முன்னால் உள்ள 14 நாள், கருவான நாள் தெரியாத காலத்தில் கணக்குக்காகச் சேர்த்துக்கொண்டது.

உன் விஷயத்தில் என்ன நடந்தது? உறைய வைத்த கருவை வைப்பதற்காகப் பிப்ரவரி 13-ஆம் தேதி எஸ்ட்ராடயால் மாத்திரை தொடங்கினார்கள். அது வளர்க்கவேண்டிய கர்ப்பப்பை லைனிங், அதாவது உள்சுவர், மெதுவாகத்தான் வளர்ந்தது. போதிய தடிமன் வந்த பிறகு மார்ச் 5-ஆம் தேதி, கருவை ஏற்க லைனிங்கைத் தயாராக்கும் புரோஜெஸ்டிரோன் ஆரம்பித்து, ஐந்து நாள் முடிந்து, மார்ச் 10-ஆம் தேதி ஐந்தாம் நாள் கருவை, அதாவது பிளாஸ்டோசிஸ்ட்டை வைத்தார்கள். அன்று அந்தக் கருவுக்கு வயது ஐந்து நாள். முன்னால் சேர்க்கும் 14 நாளைக் கூட்டினால் 19. ஆகவே மார்ச் 10-லிருந்து 19 நாள் பின்னால் போ. பிப்ரவரி 19 வரும். உன் எல்.எம்.பி. என்று எல்லா இடத்திலும் சொல்லவேண்டிய தேதி அதுதான். அதிலிருந்து 280 நாள், அல்லது கரு வைத்த நாளிலிருந்து 261 நாள், எப்படி எண்ணினாலும் பிரசவத் தேதி 2025 நவம்பர் 26 வரும். பிப்ரவரி 12-ஐ வைத்து ஸ்கேன் மெஷின் போட்ட நவம்பர் 19 தப்பு. லைனிங் வளர எடுத்துக்கொண்ட கூடுதல் ஏழு நாளைக் குழந்தையின் வயதில் சேர்த்துவிட்டது மெஷின். உண்மையான தலைநாளை மறைத்து வேறு தேதி சொல்வது பொய்யாகாதா என்று கேட்டிருந்தாய். ஆகாது. அந்தக் கட்டத்தில் அவர்கள் கேட்பது குழந்தையின் வயதை. அதற்குச் சரியான விடை பிப்ரவரி 19.

போன வருஷம் உறைய வைத்த கருவாயிற்றே, அந்த மாதங்களைச் சேர்க்கவேண்டாமா என்று உன் அம்மா கேட்டார்களாம். வேண்டாம். திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் கரு வளர்வதில்லை. ஆறு மாதம் இருந்தாலும் ஆறு வருஷம் இருந்தாலும் எடுத்து உருக்கும்போது அதே ஐந்து நாள் கருதான்.

இதில் ஆட்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. முட்டை எடுத்த நாளை, பிக்-அப் என்கிறோமே அதை, பூஜ்யம் என்று எண்ணவேண்டும். அதை ஒன்று என்று எண்ணினால் ஒரு நாள் பிசகும். இன்னொன்று, மூன்றாம் நாளில் உறைய வைத்த கருவை உருக்கி, லேபிலேயே இரண்டு நாள் வளர்த்து, ஐந்தாம் நாளில் வைப்பதுண்டு. அப்போது உறைய வைத்த வயதைப் பார்க்கக்கூடாது, வைத்த அன்று இருந்த வயதைத்தான் பார்க்கவேண்டும். மூன்றாம் நாள் கருவையே வைத்திருந்தால் எல்.எம்.பி.க்கு 17 நாள் பின்னால் போகவேண்டும், பிரசவத் தேதிக்கு 263 நாள் கூட்டவேண்டும். ஆறாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட் என்றால் 20 நாளும் 260 நாளும். சில சென்டர்களில் ஆறாம் நாள் கருவுக்கும் 261 என்றே போடுவார்கள். அந்த ஒரு நாளால் எதுவும் கெட்டுப்போகாது. ஒரு தேதியை முடிவு செய்து அதையே கடைசிவரை வைத்துக்கொண்டால் போதும்.

உன் நாத்தனாருக்கும் கேட்டிருந்தாய். அவளுக்கு ஐ.யு.ஐ., அதாவது விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் சிகிச்சை, அதோடு முட்டை ஒழுங்காக வெளியாகாத பி.சி.ஓ.எஸ். மார்ச் 12-இல் தலைநாள். முட்டை வளர்வதற்கான லெட்ரோசோல் மாத்திரை போட்டும் முட்டை நிதானமாகத்தான் வளர்ந்திருக்கிறது. ஏப்ரல் 3 இரவு 10 மணிக்கு ஹெச்.சி.ஜி. ஊசி, ஏப்ரல் 5 காலை ஐ.யு.ஐ. அந்த ஊசி போட்டு ஏறக்குறைய 36 மணி நேரத்தில் முட்டை வெளியாகும். ஆக அவளுக்குக் கருவான நாள் ஏப்ரல் 5. பதினான்கு நாள் பின்னால் போனால் எல்.எம்.பி. மார்ச் 22. ஏப்ரல் 5-லிருந்து 266 நாள் கூட்டினால் பிரசவத் தேதி டிசம்பர் 27. தலைநாளை வைத்துப் போட்டிருந்தால் பத்து நாள் முன்தள்ளியிருக்கும். மார்ச் 22-லிருந்து விரல் விட்டு '9 மாதம் 7 நாள்' என்று எண்ணினால் அவளுக்கு டிசம்பர் 29 என்று வரும். மாதங்களுக்கு 30, 31 என்று நாள் மாறுவதால் வரும் வித்தியாசம் அது. காலண்டரை வைத்து நாளாகவே எண்ணிக்கொள்ளச் சொல். முட்டை வளர்வதை ஸ்கேனில் பார்க்கும் ஃபோலிக்குலர் ஸ்டடியும் இல்லை, ஊசியும் இல்லை, வெறும் மாத்திரையோடு கரு தங்கியது என்றால் கருவான நாளை யாராலும் சொல்லமுடியாது. அவர்களுக்கு முதல் மூன்று மாதத்தில் எடுக்கும் ஸ்கேனில் வரும் சி.ஆர்.எல். அளவுதான் தேதியைத் தீர்மானிக்கும்.

உனக்கு அப்படி இல்லை, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம். கரு வைத்த தேதி தெரிந்த கர்ப்பத்தில் ஸ்கேன் அளவைப் பார்த்துத் தேதியை மாற்றக்கூடாது. அளவு இரண்டு மூன்று நாள் முன்பின் இருப்பது சாதாரணம், அளவுகோலை வைக்கும் கை மாறினாலே அவ்வளவு மாறும். நிஜமாகவே ஒரு வாரத்துக்கு மேல் சிறியதாக இருந்தால், கரு தாமதமாக உருவாகியிருக்கும் என்று சமாதானம் சொல்லித் தேதியைத் தள்ளிப்போடவும் கூடாது. வளர்ச்சி ஏன் குறைந்தது என்று பார்க்கவேண்டும். தேதியை மாற்றிவிட்டால் அந்தக் கேள்வியே எழாமல் போய்விடும்.

தப்பான தேதி எங்கெல்லாம் வந்து இடிக்கும் என்று சொல்கிறோம். முதல் இடி உனக்கு விழுந்ததுதான். இன்னும் ஒரு வாரம் முன்பே நீ ஸ்கேனுக்குப் போயிருந்தால் எல்.எம்.பி.படி 6 வாரம் 5 நாள், உண்மையில் 5 வாரம் 5 நாள். அந்த வயதில் கரு இருக்கும் பையும், ஆரம்பத்தில் அதற்கு ஊட்டம் தரும் யோக் சாக்கும் மட்டும் தெரிந்து, துடிப்பு தெரியாமல் இருப்பது இயல்பு. தேதி தெரியாத ஒருவர் 'துடிப்பு இல்லை' என்று எழுதிவிட்டால் வீடே இடிந்துபோகும். சி.ஆர்.எல். 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்து துடிப்பு இல்லாவிட்டாலோ, பை சராசரியாக 25 மி.மீ. வந்தும் உள்ளே கரு தெரியாவிட்டாலோதான் கர்ப்பம் நின்றுவிட்டது என்று உறுதிசெய்வார்கள். அதற்குக் குறைந்த அளவில் யாராவது கர்ப்பப்பையைச் சுத்தம் செய்ய அவசரப்படுத்தினால், மறு ஸ்கேன் வேண்டும் என்று நிதானமாகக் கேள்.

அடுத்தது குழந்தையின் பின்கழுத்தில் உள்ள நீரின் தடிமனை அளக்கும் என்.டி. ஸ்கேன். 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாள்வரை, சி.ஆர்.எல். 45-லிருந்து 84 மி.மீ.க்குள் இருக்கவேண்டும். உனக்கு அது மே 7 முதல் மே 27 வரை. நவம்பர் 19 கணக்கில் ஏப்ரல் 30-ஆம் தேதியே போனால் குழந்தை 10 வாரம்தான் இருக்கும், அளவு போதாது என்று திருப்பி அனுப்புவார்கள். அதோடு எடுக்கும் டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையில் இன்னும் கவனம் தேவை. பாப்-ஏ என்ற புரதம் வாரத்துக்கு வாரம் ஏறும், ஃப்ரீ பீட்டா ஹெச்.சி.ஜி. அந்தச் சமயத்தில் இறங்கிக்கொண்டிருக்கும். ஒரு வாரம் கூட்டிச் சொன்னால் உன் பாப்-ஏ குறைவாகவும் பீட்டா அதிகமாகவும் தோன்றும். டவுன் சிண்ட்ரோமில் தென்படும் போக்கும் அதுவேதான். ஒன்றுமில்லாத இடத்தில் 'ஹை ரிஸ்க்' என்று வந்து நிற்கும். இந்த ரிஸ்க் கணக்கை மட்டும் அன்றைய சி.ஆர்.எல். அளவை வைத்தே போடச் சொல், பிரசவத் தேதியை அதனால் மாற்றவேண்டாம். படிவத்தில் ஐ.வி.எஃப். என்று குறிக்கச் சொல். வயது கேட்கும் இடத்தில் முட்டை எடுத்த அன்று இருந்த வயதைத் தரவேண்டும், இன்றைய வயதை அல்ல. தானமாகப் பெற்ற முட்டை என்றால் கொடுத்தவரின் வயது. இதை வரவேற்பில் இருப்பவர் கேட்கமாட்டார், நீதான் சொல்லவேண்டும்.

குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் அனாமலி ஸ்கேனுக்கு ஜூன் 25 முதல் ஜூலை 9-க்குள் நாள் வாங்கிக்கொள்.

எல்லாவற்றிலும் பெரியது பிரசவத் தேதி. ஐ.வி.எஃப். குழந்தை என்றதும் 'ப்ரீஷியஸ் பேபி' என்று சொல்லி, 38 வாரத்தில் சிசேரியன் வைத்துவிடலாம் என்பது நம் ஊரில் வழக்கமாகக் கேட்கும் பேச்சு. வேறு சிக்கல் ஏதும் இல்லாமல் நாள் குறித்துச் செய்யும் சிசேரியனுக்கு 39 வாரம் நிறைந்திருக்கவேண்டும். அதற்கு முன் எடுத்தால் நுரையீரலில் இருக்கும் நீர் வற்றாமல் குழந்தை மூச்சு வாங்கி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிற வாய்ப்பு கூடும். தப்பான தேதியில் '38 வாரம்' என்று குறித்தால் அது நவம்பர் 5. உண்மையில் அன்று குழந்தைக்குச் சரியாக 37 வாரம். உனக்கு 39 வாரம் நிறைவது நவம்பர் 19. நட்சத்திரம் பார்க்கிறவரிடம் மாமியார் போனால், நவம்பர் 19-க்குப் பிறகு வரும் நாட்களில் மட்டும் பார்த்துத் தரச் சொல். ரத்த அழுத்தம், சர்க்கரை, குழந்தையின் எடை என்று நிஜமான காரணம் வந்து டாக்டர் முன்னாலேயே எடுக்கச் சொன்னால் அது வேறு. அங்கே தாமதிக்காதே. இயல்பாக வலி வரும் என்று காத்திருப்பதானால், நூறு பேரில் நான்கைந்து பேருக்குத்தான் சொன்ன தேதியிலேயே பிறக்கும் என்பதையும் வீட்டில் சொல்லிவை. 41 வாரம் உனக்கு டிசம்பர் 3.

சிகிச்சை சென்னையில், பிரசவம் தாய்வீட்டு ஊரில் என்று வைத்திருக்கிறாய். வளைகாப்பு முடிந்து ஊருக்குப் போகும்போது ஆஸ்பத்திரி மாறும், டாக்டர் மாறுவார், உன்னிடம் முதலில் கேட்பது எல்.எம்.பி.யாகத்தான் இருக்கும். பிக்மி என்ற அரசின் கர்ப்பப் பதிவுக்கு வரும் கிராம சுகாதார செவிலியரும் அதைத்தான் கேட்பார், ஸ்கேன் சென்டரில் நிரப்பும் எஃப் படிவத்திலும் அதற்கு இடம் உண்டு. ஒரு இடத்தில் 12, இன்னொரு இடத்தில் 19 என்று பதிந்தால் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் 'வளர்ச்சி குறைவு' என்று எழுதுவார். ஏற்கனவே 12 என்று பதிந்திருந்தால், கரு வைத்த விவரம் உள்ள ட்ரான்ஸ்ஃபர் சம்மரியைக் காட்டி அடுத்த முறை போகும்போதே திருத்தச் சொல். தாய் சேய் நல அட்டையில் அடித்து எழுதும்போது பக்கத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொள்.

அந்தச் சம்மரி சென்டரிலிருந்து வாங்கியாகிவிட்டதா? அதில் மூன்று விஷயம் இருக்கிறதா என்று பார்: முட்டை எடுத்த தேதி, கரு வைத்த தேதி, வைத்த அன்று கருவின் வயது. பல தாள்களில் முதல் இரண்டு இருக்கும், மூன்றாவது இருக்காது. 'பிளாஸ்டோசிஸ்ட்' என்று மட்டும் போட்டிருந்தால் ஐந்தாம் நாளா ஆறாம் நாளா என்று கேட்டு எழுதி வாங்கு. பிறகு ஃபைலின் முதல் பக்கத்தில், யார் திறந்தாலும் கண்ணில் படும்படி, பேனாவால் இப்படி எழுதி ஒட்டிவை:

ஐ.வி.எஃப்., உறைய வைத்த கரு. டே 5 பிளாஸ்டோசிஸ்ட், 10.03.2025. கணக்கிட்ட எல்.எம்.பி. 19.02.2025. டியூ டேட் 26.11.2025. ஸ்கேன் பார்த்துத் தேதியை மாற்றவேண்டாம்.

அன்புடன்,
உன் அக்காமார்